வழிகாட்டியோ, வாயிற்காவலனோ?

விடுதி மாணவர் மாலையில் பாடத்தில் அமரும் வேளை பார்த்து இணையம் நத்தைபோல் ஊர்கின்றது என்னும் முறையீடு நம் கல்லூரிக்குப் புதியதன்று. ஃபயர்வாலை அகற்றி விரைவுமிக்க ரூட்டர் ஒன்றை வைத்தாற் போதும் என்பர் ஒரு சாரார். விலையுயர்ந்த ஃபயர்வாலே வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இதனைக் குறித்து எமது கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

ரூட்டரின் தொழில் வழிகாட்டுதல். வரும் பொதியின் முகவரியை நோக்கி, அது செல்லவேண்டிய திசையிற் செலுத்திவிட்டு, அடுத்ததைக் கவனிப்பது அதன் இயல்பு. பொதியினுள் இருப்பது யாதென அது வினவுவதில்லை. ஆதலின் விரைவு அதற்கு எளிது. ஃபயர்வாலின் தொழிலோ காவல். இப்பொதி எவர் தொடங்கிய தொடர்பைச் சார்ந்தது, இதனுள் தீங்கு மறைந்துளதோ என அது ஆராய்கின்றது. மறைமொழியில் வருவனவற்றைப் பிரித்து நோக்கி மீண்டும் மூடவேண்டுமாயின் அதன் உழைப்பு பன்மடங்காகும். ஆராய்வதற்குக் காலம் வேண்டுமன்றோ?

இவ்வுண்மையை விவரத்தாள்களே உரைக்கின்றன. ஃபோர்டிகேட் 60எஃப் என்னும் சிறு கருவி, வெறும் ஃபயர்வாலாக விநாடிக்கு 10 கிகாபிட் வரை கடத்தும் என்று அதன் தாள் கூறுகின்றது. தீங்கு காக்கும் சோதனைகள் இயங்குங்கால் அதே தாள் கூறும் அளவு 700 மெகாபிட்டே. இதில் ஒளிவுமறைவு யாதும் இல்லை. முதலெண்ணை மட்டும் படித்து வாங்குவோரே ஏமாறுவர். பொதிகளின் எண்ணிக்கையும் கருதற்பாலது. ஒரு கிகாபிட் ஈதர்நெட் இணைப்பில் 1518 பைட் அளவுள்ளவை விநாடிக்கு ஏறத்தாழ 81,000 செல்லும். 64 பைட் அளவுள்ளவையோ ஏறத்தாழ 14,88,000 செல்லும். சிறியன மிகுந்தால் கருவி திணறும்.

அங்ஙனமாயின் காவலனை நீக்கிவிடலாமோ? கூடாது என்பதே எம் துணிபு. ரூட்டரிலும் எளிய தடைகளை அமைக்கலாம் என்பது மெய்யே. எனினும் முகவரியை மட்டும் பார்ப்பவன் கள்வனையும் விருந்தினனையும் எங்ஙனம் பிரித்தறிவான்? மாணவரின் மதிப்பெண்களும், பெற்றோரின் முகவரிகளும், கட்டணக் கணக்குகளும் நம் கணினிகளில் உள்ளன. அவை நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவை. திரைப்படம் ஒன்று சில நிமிடங்கள் முன்னதாக வந்து சேர்வதற்காக அவற்றைத் தெருவில் வைத்தல் தகாது.

ஆகவே, ஒன்றே வாங்கப் பொருள் உண்டாயின் ஃபயர்வாலையே வாங்குக. வழிகாட்டுந் தொழிலையும் அது ஓரளவு செய்யும். ஆனால் எல்லாச் சோதனைகளும் இயங்கும்போது அது கடத்தும் அளவு, நாம் பெற்றுள்ள இணைப்பின் அளவினும் மிகுந்திருத்தல் வேண்டும். இரண்டிற்கும் பொருள் உண்டாயின், துறைகளுக்கிடையே செல்லும் பொதுப் போக்குவரத்தை ரூட்டரிடமும், வெளிவாயிலையும் பதிவேடுகள் உள்ள கணினிகளையும் ஃபயர்வாலிடமும் விடுக.

யாவற்றிற்கும் முன்னர் ஒன்று செய்தல் வேண்டும். மாலையில் இணைப்பே நிரம்பி வழிகின்றதா என அளந்தறிக. நிரம்பின், புதிய கருவி எதுவும் அதனை அகலமாக்காது. 2012-இல் வெளியான எஃப்.க்யூ. கோடெல் போன்ற வரிசைமுறை, ஒருவருடைய பெரும் இறக்கத்தின் பின்னே மற்றவர் அனைவரும் காத்து நிற்கும் நிலையைப் பெரிதும் தணிக்கும். அதனை இயக்க வல்ல கருவி நம்மிடம் முன்னரே இருத்தலும் கூடும். நோயை அறியாமல் மருந்து வாங்குதல் அறிவுடையோர் செயலாமோ?