கணினியின் துயிலும் விழிப்பும்

2019-ஆம் ஆண்டிலே தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியிலும், அதன் மேற்கெல்லையில் ஓங்கிய கல்வராயன் மலையிலும் பயிலும் மாணவர்க்கு, 2011-இல் தொடங்கிய அரசினரின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் பெருந்துணையாயிற்று. 2025-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையும் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேர்க்குக் கருவிகள் வழங்கப்படுமென அறிவித்தது. அக்கருவிகளின் வேகத்தையே பலரும் வினவுவர். அவை செவ்வனே உறங்கி விழிக்குமோ என வினவுவார் அரியர். மின்சாரம் தடைப்பட்ட இரவில், மின்கலத்தில் எஞ்சியதைக் காக்க மூடியைச் சாத்தும் மாணவனுக்கோ அதுவே தலையாய வினா என்பது எம் கருத்து.

மூடி சாத்தப்பட்டதும் இயங்குதளம் முதற்கண் நிரல்களை நிறுத்தும். பின்னர், டிரைவர் எனப்படும் சாதன இயக்கி ஒவ்வொன்றுக்கும் ஆணையிடும். இயக்கியானது கைவேலையை முடித்து, தன் சாதனத்தின் நிலையைக் குறித்துவைத்து, அதனை ஓயச்செய்யும். நினைவகம் மட்டும் சிறிதளவு மின்னால் உயிர் தாங்கி நிற்கும். இதற்கு ஒரு முறைமை உண்டு. குழந்தைகள் உறங்கியபின் தாய் கண்ணயர்தலும், வைகறையில் தாயே முன்னெழுதலும் போல, யுஎஸ்பி வழி இணைந்த சுட்டி முன்னர் உறங்க, அதனைத் தாங்கும் கட்டுப்படுத்தி பின்னர் உறங்கும். விழிக்குங்கால் இம்முறை தலைகீழாகும்.

ஓர் இயக்கி 'இயலாது' என மறுப்பின், லினக்ஸ் இயங்குதளம் உறக்கத்தைக் கைவிட்டு, உறங்கியவற்றையும் எழுப்பிவிடும். இது பெருங்கேடன்று. 'உறங்கினேன்' என்றுரைத்து, நிலையைக் குறிக்க மறந்த இயக்கியே கொடியது. விழிக்கும்போது திரை இருண்டு நிற்கும்; கணினியை வலிந்து அணைப்பதன்றி வேறு வழியிராது; சேமியாத கட்டுரை அழிந்துபோம்.

'முற்றும் அணைத்துவிட்டால் ஆகாதோ?' எனச் சிலர் வினவலாம். நெடும்பொழுதாயின் ஆம். ஆயின், படிப்பினிடையே பலகால் அணைத்து மீண்டும் தொடங்குவது காலத்தையும் மின்னையும் வீணாக்கும். நினைவகத்தை வட்டில் எழுதிவைத்து அணையும் முறையும் உண்டு. அதற்கும் இயக்கியின் நேர்மை வேண்டுமன்றோ?

இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா நிறுவனத்தார் 1996-இல் வெளியிட்ட ஏசிபிஐ என்னும் பொதுவிதி உறக்க நிலைகளை வகுத்தது. எனினும், ஒவ்வொரு சாதனத்தின் உள்ளியல்பை அதன் இயக்கியே அறியும். அவ்வியக்கியின் மூலநிரல் மறைக்கப்பட்டு, ஆக்கியோனும் கைவிட்டானாயின், பழுதைத் திருத்துவார் யார்? திறந்திருப்பின், கற்றோர் எவரும் திருத்தலாம். சென்னை சி-டாக் நிறுவனத்தார் லினக்ஸைக் கொண்டு பாஸ் இயங்குதளத்தை ஆக்கியமை, அத்தகு திறனுடையார் நம் நாட்டில் உளர் என்பதற்குச் சான்று.

ஆதலின், பொதுப்பணத்தில் கணினி வாங்குவோர் இரண்டு நிபந்தனைகளை விதித்தல் வேண்டும்: பன்முறை உறங்கச்செய்து எழுப்பிச் சோதித்தபின்னரே கருவியை ஏற்றல், இயக்கிகளின் மூலநிரலைக் கேட்டுப் பெறுதல். மின்தடையை மாணவன் தடுக்க இயலாது. அதனால் அவன் உழைப்பு அழியாது காத்தல் நம்மால் இயலும்.