யாரைக் கேட்டு எடுத்த படம்?

தனுஷ்கோடியில் கூரையின்றி நிற்கும் நம் பழைய ஆலயத்தை நேரில் கண்டவர் சிலர். படத்தில் கண்டவரோ பலர். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் எழுந்த புயல், பாம்பனிலிருந்து சென்ற பயணியர் தொடர்வண்டியையும் ஊரையும் ஒருசேர வாரிச் சென்றது. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. தொடர்வண்டி நிலையம், அஞ்சலகம் ஆகியவற்றின் இடிபாடுகளோடு, பவளப்பாறைக் கற்களாலான ஆலயச் சுவர்களும் எஞ்சின. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின், அச்சுவர்களுக்கு ஓய்வில்லை.

சென்ற ஆண்டு ஒரு மாலை, உறவினரோடு அங்கே சென்றிருந்தோம். அங்கி அணிந்திருக்கவில்லை. பீடம் இருந்த பக்கத்தில், திருமணம் நிச்சயிக்கப்பட்ட ஓர் இணையர் தோளில் தோள் சாய்த்து நின்றனர். புகைப்படக்காரரின் உதவியாள் வண்ணப் புகைக்குழல் ஒன்றைக் கொளுத்திக்கொண்டிருந்தார். "தம்பி, யாரிடம் கேட்டீர்கள்?" என்றோம். அவர் மரியாதையோடுதான் சொன்னார்: "இங்க யாரு சார் இருக்கா, கேக்க?"

அவ்விளைஞரிடம் சட்டம் பேச நமக்கு வாய்ப்பில்லை. பெருமளவு இடிந்துபோன புனித இடம் தன் அர்ச்சிப்பை இழக்கிறது என்பது திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1212ஆம் எண். (இராமேசுவரம் கோவிலின் மூன்றாம் பிராகாரத்துத் தூண்களும் 1212 என்பர். எண்ணொற்றுமையை வியந்து அத்தோடு விட்டுவிடுவோம்.) ஆகவே அது இன்று ஆலயம் அன்று என அவர் வாதிட்டிருந்தால், குருமடத்தில் கற்ற நாம் தலையசைத்திருக்க வேண்டியதே. ஆயினும் கேட்க யாருமில்லை என்றாரே, அதுதான் பொய். பத்தடி தொலைவில் சிப்பி மாலை விற்ற பெண்மணி இருந்தார். ஓலைக் குடிசைகளில் மீனவர் இருந்தனர். அந்தக் கடல் கொண்டு சென்றவர்களுள் பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. கல்லறையில்லாத அவர்களுக்கு அந்தச் சுவரருகே நின்று ஒரு செபம் சொல்ல வருகிறவர்களும் உண்டு. இவர்கள் யாரும் அந்த இளைஞரின் கண்ணுக்கு ஆளாகத் தெரியவில்லை.

அனுமதி என்றால் அலுவலகத்தில் கேட்பது, சீட்டு வாங்குவது, பலகையைப் படிப்பது என்றே நாம் பழகிவிட்டோம். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோவில்களுக்குள் கைப்பேசி கொண்டுசெல்வதைத் தடைசெய்யுமாறு ஆணையிட்டது. அதை நம்மவருள் சிலர் எள்ளி நகைத்ததைக் கேட்டோம். நகைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. நம் குறையெல்லாம், அந்தக் காவல் கோவில் வாசலோடு நின்றுவிடுகிறதே என்பதுதான். ஆடி அமாவாசையன்று அக்கினி தீர்த்தக் கரைக்குச் சென்று பாருங்கள். தந்தையை இழந்த மகன் எள்ளும் நீரும் இறைத்து நிற்கிறான். ஈரச் சேலையோடு தாய்மார் கரையேறுகின்றனர். இவர்களைச் சுற்றித்தான் எத்தனை கேமராக்கள்! தூணைப் படமெடுக்க அஞ்சுகிறவன், அழுகிறவனைப் படமெடுக்க அஞ்சுவதில்லை.

அடுத்த வீட்டைப் பேசியது போதும். நம் வீட்டுக்கு வருவோம். நம் ஆலயங்களில் தடைப்பலகை இல்லை என்பதைப் பெருந்தன்மையாகக் கருதிவருகிறோம். உண்மையில் அது சோம்பல். திருமணத் திருப்பலியில் புகைப்படக்காரர் பீடத்தில் ஏறி நின்று, குருவின் முதுகுக்குப் பின்னிருந்து விளக்கை வீசுகிறார். "ஃபாதர், மோதிரம் இன்னொரு முறை" என்கிறார். நாமும் மோதிரத்தைக் கழற்றச் சொல்லி, இன்னொரு முறை போடச் செய்திருக்கிறோம். இதை எழுதவே கூசுகிறது.

அதனினும் கொடியது அடக்கத் திருப்பலியில் நடப்பது. கடலில் இறந்த ஓர் இளைஞனின் உடல் நம் ஆலயத்தில் வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் அவனுடைய தாய் நம்மிடம் வந்து கேட்டார்: "சாமி, நான் தலைவிரிச்சுக் கெடந்ததையா படம் புடிச்சாங்க?" ஊரெல்லாம் கைப்பேசியில் பார்த்துவிட்டிருந்தது. எடுத்தவர் அந்நியர் அல்லர். நம் பங்கு மக்களே. பீடத்தில் நின்ற நமக்கும் கைப்பேசிகள் உயர்ந்தது தெரியாமலில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2017 நவம்பர் 8ஆம் நாள் மறைக்கல்வி உரையில் இதையே நொந்துகொண்டார். குரு இதயங்களை மேலே எழுப்பச் சொல்கிறாரேயன்றிக் கைப்பேசிகளை அல்ல என்றார். திருப்பலியில் கைப்பேசி உயர்த்துகிறவர்களுள் குருக்களும் ஆயர்களும்கூட உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை.

படம் உண்மையை வெளிக்கொணரும் கருவியாயிற்றே என்பார் உளர். மறுக்கவில்லை. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடித் தர்காவை அடுத்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளர் மாண்டனர். செய்தி கண்டு உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. அத்தகைய சங்கிலியைப் படம் எடுப்பவர் யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் ஒரு தாயின் விரிந்த தலைமுடியில் வெளிக்கொணர என்ன உண்மை இருக்கிறது?

பங்குப் பேரவையோடு கலந்து, நம் பங்கில் சிலவற்றை முடிவுசெய்தோம். திருமணப் புகைப்படக்காரர் முந்தின நாளே வந்து நம்மைக் காண வேண்டும், நிற்கும் இடம் ஒன்றே, பீடத்தில் ஏறலாகாது. காணிக்கை முதல் நற்கருணை முடியும்வரை கேமரா இல்லை. அடக்கத் திருப்பலியில், துக்க வீட்டார் தாமாகக் கேட்டாலொழிய, யாரும் படமெடுக்கலாகாது. செபிக்கும் எவரையும் அவரைக் கேளாமல் எடுத்து ஊருக்கு அனுப்பக் கூடாது.

அறிவித்த வாரமே ஒரு திருமண வீட்டார் வந்தனர். பக்கத்துப் பங்கில் கெடுபிடி இல்லையாம். திருமணத்தை அங்கே வைத்துக்கொள்ள நம் அனுமதிக் கடிதம் வேண்டுமாம். கடிதத்தை நாம் இன்னும் எழுதித் தரவில்லை. அந்தப் பங்குத்தந்தையும் இவ்விதழைப் படிப்பவர்தாம்.