முதற்சுற்றில் தோற்றவர்

யான் தமிழாசிரியனாய்ப் பணியாற்றிய பள்ளியொன்றில், கபடிப் போட்டிக்குச் சென்ற எம் மாணவர் முதற்சுற்றிலேயே தோற்று, மாலை வண்டியில் ஊர் திரும்பினர். ஒரே புள்ளியில் நேர்ந்த தோல்வி அது. அவர்களை வென்ற அணியே மூன்றாம் நாள் கோப்பையைக் கைக்கொண்டது. இறுதியாட்டத்தில் அவ்வணியிடம் இருபது புள்ளி பின்தங்கித் தோற்றவர்க்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. எம் பள்ளியின் ஆண்டறிக்கையிலோ, ‘கபடி: முதற்சுற்றில் தோல்வி’ என்னும் மூன்று சொற்களே இடம்பெற்றன. அணித்தலைவனாயிருந்த மாணவன் மறுவாண்டு ஆடுகளத்தின் பக்கம் வரவேயில்லை. அம்மூன்று சொற்களும் பொய்யல்ல. ஆயினும் அவை அவனுக்கு அநீதி இழைத்தன என்றே இன்றும் எண்ணுகிறேன். அதற்குக் காரணம் காண, அப்போட்டி நடைபெற்ற முறையை முதலில் ஆராய்தல் வேண்டும்.

தோற்றவர் அப்பொழுதே விலக, வென்றவர் மட்டும் மேற்செல்லும் இம்முறையை ‘நாக் அவுட்’ என்பர். இங்கிலாந்தில் விம்பிள்டன் என்னுமிடத்தில் 1877-ஆம் ஆண்டு தொடங்கிய டென்னிஸ் போட்டி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அங்கு ஆடவர் ஒற்றையர் பிரிவில் இன்று 128 பேர் ஆடுகின்றனர். 128, 64, 32 எனச் சுற்றுதோறும் பாதியாகக் குறைந்து, ஏழு சுற்றுகளின் முடிவில் ஒருவரே எஞ்சுவர். மொத்தம் எத்தனை ஆட்டம் நடைபெறும்? மாணவர்களே, இதற்குப் பெருங்கணக்கு வேண்டா. ஓர் ஆட்டம் ஒருவரை விலக்கும். விலக வேண்டியவர் 127 பேர். ஆகவே ஆட்டங்களும் 127. ஒவ்வொருவரும் ஏனையோர் அனைவரோடும் ஆடுவதாயின் 8,128 ஆட்டங்கள் நடத்த வேண்டும்! காலச் சிக்கனமே இம்முறையின் பெரும்பயன் என்பது இதனால் விளங்கும்.

ஆடுவோர் தொகை இங்ஙனம் இறுதிவரை பாதி பாதியாகப் பகுபடாதாயின், சிலர் ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் செல்வர். இதனைப் ‘பை’ என்பர். (தமிழ்ச்சொல் என மயங்கி, அப்பையினுள் என்ன இருக்கும் என்று என்னைக் கேட்ட மாணவனும் உண்டு.) விம்பிள்டனின் முதற்போட்டிக்குப் பெயர் கொடுத்தோர் 22 பேர். இருபத்திரண்டு பதினொன்றாகி, ஆறாகி, மூன்றாயிற்று. மூவரில் இருவர் மோத, மார்ஷல் என்பார் வாளா இருந்தே இறுதியாட்டம் புகுந்தார்! அங்கு அவரை ஸ்பென்சர் கோர் வென்றார். இத்தகைய குறை நேராவண்ணம், ஆடாது செல்லும் வாய்ப்பையெல்லாம் முதற்சுற்றிலேயே வழங்கிவிடுவது பின்னாளில் வழக்கமாயிற்று. இருபத்திருவராயின், பதின்மர் ஓய்ந்திருக்கப் பன்னிருவர் ஆடுவர். அவருள் அறுவர் வெல்வர். அடுத்த சுற்றில் பதினாறு பேர் நிற்பர்.

இது சிறு குறை. பெருங்குறை வேறொன்று உண்டு. அதனை எடுத்துக்காட்டியவர் ஆக்ஸ்போர்டுக் கணித அறிஞர் சார்லஸ் டாட்சன். லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரில் ஆலிஸ் கதைகளை எழுதியவரும் இவரே. டென்னிஸ் போட்டிகளில் பரிசளிக்கும் முறை பிழையுடையது என்று இவர் 1883-இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். முப்பத்திருவர் ஆடுகின்றனர் என்க. வல்லவரே எப்பொழுதும் வெல்வர் என்றும் கொள்க. முதல்வர் யார் என்பது ஐயமின்றித் தெளிவாகும். ஆனால் ஆற்றலில் இரண்டாமவர் இரண்டாம் பரிசு பெறுவாரா? முதல்வர் இருக்கும் பாதியில் அவர் பெயர் விழுந்துவிட்டால், இறுதியாட்டத்திற்கு முன்னரே முதல்வரிடம் தோற்று வெளியேறுவார். மறுபாதியில் விழுவதற்குள்ள வாய்ப்பு 31-இல் 16 பங்கே. அஃதாவது பாதிக்குச் சற்றே மிகுதி. ஏறத்தாழக் காசு சுண்டிப் பார்த்து வழங்கும் பரிசன்றோ அது?

வல்லோரை முன்னரே கணித்து, வெவ்வேறு பகுதிகளில் பிரித்து அமைப்பது இதற்கு ஒரு மருந்து. ஆங்கிலர் இதனை ‘விதைத்தல்’ என்பர். நெருங்க விதைத்தால் பயிர் ஒன்றையொன்று நலியச் செய்யும் என்பதை அறிந்த நம் உழவர்க்கு இப்பெயரின் பொருத்தம் எளிதில் விளங்கும். விம்பிள்டனில் ஆட்டத் திறனை மட்டுமே கருதி விதைக்கும் வழக்கம் 1927-இல் வந்தது. இது வலியார்க்குக் காட்டும் சலுகை என்று சிலர் குறை கூறுவர். யான் அதனை ஒப்பேன். ஆயினும் இம்மருந்து முதலிருவர்க்கே முழுப்பயன் தரும். தமிழ்நாட்டு வீரர் இராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய ஈராண்டும் அங்கு ஏழாம் இடத்தில் கணிக்கப்பெற்றார். ஈராண்டும் அரையிறுதி எய்தினார். 1961-இல் கால் இறுதியில் ராய் எமர்சனையே வீழ்த்தினார். அவரை 1960-இல் வென்ற நீல் பிரேசரும், 1961-இல் வென்ற ராட் லேவரும் அவ்வவ்வாண்டில் பட்டம் பெற்றவர்கள். கிருஷ்ணன் இறுதியாட்டம் காணவில்லை என்று மட்டும் கூறுவோர் பாதி உண்மையையே கூறுகின்றனர்.

மற்போரில் இதனினும் நேரிய வழி ஒன்று உண்டு. ஒலிம்பிக் போட்டியில் இறுதியாட்டம் எய்தும் இருவரிடமும் முன்னே தோற்றவர்க்கு, வெண்கலப் பதக்கத்திற்காக மீண்டும் பொருதும் வாய்ப்பை அளிக்கின்றனர். 2016-இல் இரியோ நகரில் சாக்ஷி மாலிக் கால் இறுதியில் உருசிய வீராங்கனையிடம் தோற்றார். அவ்வீராங்கனை இறுதியாட்டம் புகவே, சாக்ஷிக்கு வழி திறந்தது. எஞ்சிய இரு போர்களையும் வென்று, ஒலிம்பிக் மற்போரில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்னும் சிறப்பை அவர் எய்தினார்.

எல்லாப் போட்டிகளிலும் இவ்வாறு செய்யப் பொழுதும் பொருளும் இடந்தரா. பள்ளிப் போட்டிகளில் இதனை எதிர்பார்த்தலும் முறையன்று. ஆனால் அறிக்கையில் இன்னும் சில சொற்களைச் சேர்க்கச் செலவில்லை. அன்று அப்பொறுப்பு என்னிடம் இருந்திருப்பின், ‘கபடி: முதற்சுற்றில், கோப்பை வென்ற அணியிடம், ஒரு புள்ளியில் தோல்வி’ என்று எழுதியிருப்பேன்.