ஆறப் பொறுத்தல்

"ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லையா?" என்பது நம் இல்லங்களில் வழங்கும் பழமொழி. சோற்றுக்குக் கூறிய இவ்வறிவுரை உலோக வார்ப்புக்கும் பொருந்துமென்பது நமது துணிபு. உலையின் உஷ்ணத்தைப் பற்றிக் கவலைகொள்வோர் பலர். வார்த்தபின் அஃது ஆறும் வகையை எண்ணுவோர் சிலரே.

வார்ப்பிரும்பை நோக்குவோம். அஃது இரும்பும் கரியும் சிலிக்கனும் சேர்ந்த கலப்பு. தக்க அளவிற் கலந்த குழம்பு மணலச்சில் மெல்ல ஆறின், கரி கிராபைட் இதழ்களாகப் பிரிந்து நிற்கும். உடைத்த முகம் சாம்பல் நிறமாகும். கடைவதற்கு எளிதில் இணங்கும். அக்குழம்பே விரைந்து ஆறின், கரி இரும்போடு கூடி வெண்ணிறக் கடினப்பொருளாகும்; உளிக்கு இணங்காது, அடிக்கும் நில்லாது. பொருள் ஒன்றே, ஆறிய வேகமே வேறு.

அங்ஙனமாயின் மெல்ல ஆற்றுதலே எங்கும் நன்றோ எனின், அன்று. அலுமினியக் கலப்புகள் மிக மெல்ல உறைந்தால் மணிகள் பருத்து வலிமை குன்றும். எப்பகுதி முந்தி உறைதல் வேண்டும், எப்பகுதி பிந்தல் வேண்டும் என்னும் ஒழுங்கே முதன்மையானது. உறையும் காலம், கன அளவை மேற்பரப்பால் வகுத்த ஈவின் வர்க்கத்திற்கேற்ப மிகும் என்று குவோரினோவ் என்னும் அறிஞர் 1940-ஆம் ஆண்டில் காட்டினார். ஒரேவகை அச்சில் ஓரங்குலக் கனசதுரம் 1 நிமிஷத்தில் உறையுமாயின், இரண்டங்குலக் கனசதுரத்திற்கு 4 நிமிஷம் வேண்டும். அலுமினியமோ உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு சுருங்குவது. மெல்லிய பகுதி முந்தி உறைந்து வழியை அடைத்துவிட்டால், தடித்த பகுதியின் சுருக்கத்தை நிரப்பக் குழம்பு வாராது. உள்ளே பொள்ளல் விழும். வெளித்தோற்றத்திற் குற்றம் காணாது. பாரம் ஏறும் நாளில் முறியும்.

அப்போது பழி யார்மேல் விழுகின்றது? உலையருகே வியர்வை சிந்தியவன்மேல். இது நியாயமன்று. தடிப்பையும் மெலிவையும் ஆராயாது அடுத்தடுத்து வைத்துப் படம் வரைந்தவனுக்கும் அதிற் பங்குண்டு. அவனோ நம்மைப்போற் கல்லூரியிற் பயின்றவன்! தடித்த இடத்தருகே குழம்பைச் சேமிக்கும் ரைசரையும், விரைந்து குளிர்விக்கும் இரும்புத் துண்டையும் எங்கு வைப்பதென்று பட்டறை முதியோர் அனுபவத்தால் அறிவர். அவர்களிடம் சென்று கேட்க நாம் ஏன் நாணுதல் வேண்டும்?

நம் பௌதிக சாலையில் வெந்நீர் ஆறுவதைக் கடிகாரம் கொண்டு குறிக்கிறோம். நன்று. இனி ஆண்டிற்கொரு முறையேனும் மாணாக்கர் வார்ப்படச் சாலைக்குச் செல்லுக. ஒரே குழம்பை மணலச்சிலும் இரும்பச்சிலும் வார்ப்பித்து, இரண்டையும் அறுத்து மெருகிட்டு, பூதக்கண்ணாடியால் நோக்குக. நூலிற் கற்ற விதி அன்று கண்முன் நிற்கும்; நாளை வரையும் கோடும் பிறன் உயிரைக் காக்கும்.