ஜூனியர் வக்கீலுக்கும் பசிக்கும்



சேலத்திலும் நாமக்கல்லிலும் 2019-இல் அரசு சட்டக் கல்லூரிகள் வந்தன. தறி ஓட்டுபவர் பிள்ளையும் லாரி டிரைவர் பிள்ளையும் குறைந்த செலவில் வக்கீலுக்குப் படிக்க முடிகிறது. சந்தோஷம். ஆனால் உண்மையான வடிகட்டல் அதற்குப் பிறகுதான். சீனியரிடம் சேர்ந்தால் பல ஆபீஸ்களில் சம்பளம் கிடையாது. "தொழில் கற்றுக்கொடுப்பதே பெரிது" என்பார்கள். மூன்று, நான்கு வருடம் அறை வாடகை, பஸ், சாப்பாடு எல்லாம் அப்பா கொடுக்க வேண்டும். கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளை தொழிலில் நிற்கிறது. முடியாத வீட்டுப் பிள்ளை ஃபைனான்ஸ் வசூலுக்குப் போகிறது. நின்றவரை நாம் திறமைசாலி என்கிறோம்.

நம்ம ஊர் லாரி பட்டறையில் வேலை பழகும் பையனுக்குக்கூட வாரக் கடைசியில் கையில் காசு கொடுப்பார்கள்.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறையாமல் கொடுக்க வேண்டும். ஆனால் சீனியர் மேல் புகார் கொடுத்துவிட்டு எந்தப் பிள்ளை அதே கோர்ட்டில் நிற்க முடியும்? கொடுப்பவர்கள்தான் முந்த வேண்டும்.

என்னிடம் படித்து இன்று சொந்த ஆபீஸ் நடத்தும் வக்கீல்களே, வாத்தியார் உரிமையில் கேட்கிறேன். கேஸ் கட்டு தூக்கும் பிள்ளைக்கு ஒன்றாம் தேதி சம்பளம் கொடுங்கள். இரண்டு பேருக்குக் கட்டாது என்றால் ஒருவரை வைத்து ஒழுங்காகக் கொடுங்கள்.

சொந்தங்களே, விசேஷ வீட்டில் அந்தப் பிள்ளையைப் பார்த்து "இன்னும் சம்பாதிக்கலையா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.