வாய் திறவாத துயரம்

பள்ளியில் சக மாணவரால் துன்புறும் குழந்தை வீட்டில் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. சொன்னால் தொல்லை பெருகும் என்ற அச்சம். ‘நீ என்ன செய்தாய்?’ என்ற கேள்வி வருமோ என்ற கூச்சம். களைத்து வரும் தாயை வருத்தலாகாது என்ற பரிவு.

வாய் மூடினாலும் அடையாளங்கள் மறைவதில்லை. திங்கள் காலையில் வயிற்றுவலி, அடிக்கடி தொலையும் பேனா, மாலையில் அடங்காப் பசி. மதிய உணவை எவரேனும் பறித்திருக்கலாம். இவற்றை முதலில் காணக்கூடியவர்கள் வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டிகளாகிய நாமே.

‘யார் அடித்தது?’ என்று விசாரணை நடத்த வேண்டா. ‘இன்று யாருடன் அமர்ந்து சாப்பிட்டாய்?’ என்று கேளுங்கள். குழந்தை பேசத் தொடங்கினால் குறுக்கிடாதீர்கள். ‘தவறு உன்னுடையதன்று’ என்று சொல்லுங்கள். பிறகு பெற்றோர் வகுப்பாசிரியரைச் சந்திக்கட்டும். அவசரமெனில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை.