இரண்டாம் கல்யாணமும் ஒரு ஒஸ்யத்தும்

எங்க ஊர், நெய்யாற்றின்கரை தாலுகா திருப்புறம் பக்கம், இரண்டாம் கல்யாணத்துக்கு இப்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. மனைவியை இழந்தவர், கணவனை இழந்தவர், ஆளுக்கொரு பிள்ளை. நாலு பேர் கூடிப் பேசிச் சேர்த்து வைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் சொத்து யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள், "நல்ல காரியம் நடக்கிற இடத்தில என்ன பேச்சு இது?" என்று வாயை அடைத்துவிடுவார்கள். அந்தப் பேச்சைத்தான் முதலில் பேச வேண்டும் என்பது என் கட்சி.

ஏனென்றால் மூத்தாள் பிள்ளை, கூட வந்த பிள்ளை என்ற உறவையெல்லாம் சட்டம் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒரு உதாரணம். அவருக்கு ஒரு மகன், அவளுக்கு முதல் கல்யாணத்தில் ஒரு மகள். வீடும் இருபது சென்டும் அவர் சம்பாதித்தது. இந்துக் குடும்பம். அவருடைய அம்மா உயிரோடு இல்லை, உயிலும் இல்லை. அவர் போனால் மனைவிக்கும் மகனுக்கும் சரிபாதி. பிறகு மனைவி போனால் அவள் பாதி முழுக்க அவள் பெற்ற மகளுக்கு. அவள் வளர்த்த மகனுக்கு அதில் ஒன்றுமில்லை. பெண்ணின் வாரிசாக 1956 சட்டம் சொல்லும் 'மகன்' என்ற வார்த்தைக்குள் மூத்த தாரத்து மகன் வரமாட்டான் என்று 1987-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, மனைவி முந்திப் போனால்? அவருக்குப் பின் வீடு முழுக்க மகனுக்கு. இத்தனை வருஷம் அவரை அப்பா என்று கூப்பிட்ட பெண் பெட்டியோடு வெளியே. ஆக, யார் முதலில் சாகிறார்கள் என்பதுதான் பாகபத்திரம் எழுதுகிறது!

இதில் இன்னொரு வேடிக்கை. நம்ம ஊரில் வேலிக்கு இந்தப் பக்கம் இந்து, அந்தப் பக்கம் கிறிஸ்தவர், பல இடங்களில் இரண்டு வீடும் சொந்தக்காரர்கள். கிறிஸ்தவருக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் பெற்ற பிள்ளைகளுக்கு. (முன்பு 1916 திருவிதாங்கூர் சட்டத்தில் விதவைக்கு நிலத்தில் ஆயுள் அனுபவம் மட்டும், மறுமணம் செய்தால் அதுவும் போச்சு. 1986-ல் மேரி ராய் வழக்கில்தான் அது ஒழிந்தது.) இதைவிட முக்கியம் 69-ம் பிரிவு. கல்யாணம் ஆனதும் அதற்கு முன் எழுதிய உயில் தானாக ரத்து. இந்துவுக்கு ரத்தாகாது. மூத்த தாரத்துப் பிள்ளைகளுக்கென்று பத்திரமாக உயில் எழுதி வைத்த கிறிஸ்தவர் மறுமணம் செய்தால் அந்தக் காகிதம் செல்லாக்காசு. எல்லாம் மகனுக்கே என்று எப்போதோ எழுதிய இந்து மறுமணம் செய்தால் அது அப்படியே நிற்கும், வந்தவள் தெருவில். அண்ணன் தம்பி மாதிரி பழகுகிற இரண்டு பேரும் "உயில்தான் இருக்கே" என்று நிம்மதியாகத் தூங்குவார்கள்.

வெளிநாட்டில் குடியுரிமை வாங்கியவர்களுக்கும் விலக்கில்லை. ஊரிலுள்ள நிலத்துக்கு இந்தியச் சட்டம்தான்.

ஆகவே கல்யாணம் முடிந்த கையோடு புது ஒஸ்யத்து எழுதுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும். கிறிஸ்தவர் என்றால் பங்கு வாங்குகிறவரோ அவர் கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது, போட்டால் அந்தப் பங்கு போய்விடும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் லீவில் போகும்போது சப் ரிஜிஸ்டிரார் ஆபீசில் பதிந்துவிடுவது நல்லது. மனைவிக்கு ஆயுள் வரை வீட்டில் இருக்கும் உரிமை, அவளுக்குப் பின் இன்னாருக்கு இவ்வளவு என்று எழுதலாம். 'என் பிள்ளைகளுக்கு' என்று பொதுவாக எழுதாதீர்கள், கூட வந்த பிள்ளையின் பெயரைச் சொல்லியே எழுதுங்கள். இஷ்டதானமாக இப்போதே கொடுத்துவிடலாமே என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. உயிலை எத்தனை முறையும் மாற்றலாம், கொடுத்த நிலத்தைத் திரும்ப வாங்குவது லேசில்லை.

இங்கே வளைகுடாவில் பலரும் "பேங்கில் நாமினி போட்டாச்சு" என்கிறார்கள். நாமினி பணத்தை வாங்கி வைக்கிற கை மட்டும்தான், பணம் வாரிசுகளுடையது. அந்த நாமினி பெயரும் பலருக்கு இன்னும் காலமான முதல் மனைவியுடையதாகவே இருக்கும்.